தங்கம் தீர்வதற்குள் ஆளை மாத்து!

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடுற மக்களைக் கேட்டுப் பாருங்க. கடைசிக் கட்டத்துல ஜெயிக்கிறது யாருன்னா, "எவன்கிட்ட பெரிய படை இருக்கோ அவன்" என்பார்கள். இல்லை மக்களே. வழக்கமான ஆட்டத்தில் ரெண்டு பேருக்கும் உச்சவரம்பு அதே 200 தான். அந்த 200-ஐ எதிலிருந்து எதுக்கு, எப்போ மாத்தறீங்க என்பதில்தான் ஆட்டமே இருக்கு.

1999-ல வந்த ஆட்டத்தைப் பத்தி இப்போ என்ன பேச்சுன்னு கேக்காதீங்க. 2019-ல டெஃபினிட்டிவ் எடிஷனா மறுபிறவி எடுத்தது. 2022-ல டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா வந்தபோது பெங்காலிகளும் திராவிடர்களும் தனித்தனி நாகரிகங்களா உள்ளே வந்தாங்க. ராஜேந்திர சோழனுக்கு ஒரு கதைத்தொடர், பால வம்சத்து தேவபாலனுக்கு ஒண்ணு. டாக்குரியாவுல குடியிருக்கிற தமிழனுக்கு வேறென்ன வேணும்? ஆணி இல்லாத ராத்திரிகளில் நான் திராவிடர், மேல்வீட்டுக் கல்லூரிப் பையன் பெங்காலி.

பையன் நல்லா ஆடுவான். ஆனா ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்கு ஒத்தே வராது. "காக்கு, தங்கம் இருக்கும்போது எதுக்கு ஈட்டிக்காரன்?" என்பான். என் கட்சி இதுதான்: தங்கம் இருக்கும்போதுதான் ஈட்டிக்காரனுக்கு மாறணும். தீர்ந்தப்புறம் மாறவே முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு வில்லாளிக்கு 25 மரம், 45 தங்கம். ஒரு ஹால்பர்டியருக்கு 35 உணவு, 25 மரம், தங்கமே வேண்டாம். அதனாலதான் அவனை 'குப்பைப் படை'ன்னு செல்லமா சொல்றோம். ஆனா சாதா ஈட்டிக்காரனின் அடுத்த நிலையான பைக்மேனை ஹால்பர்டியரா உயர்த்தற ஆராய்ச்சிக்கு 300 உணவோட 600 தங்கமும் கேப்பான்! கொல்லன் பட்டறையில் அவன் கவசத்தை ஏத்தவும் தங்கம் வேணும். தங்கம் வேண்டாத படைக்குள்ள நுழையற வாசலுக்கே தங்கம்தான் கட்டணம். (திராவிடர்களுக்கு பாரக்ஸ் ஆராய்ச்சிகள் பாதி விலை. அந்த வகையில் நாம கொடுத்து வச்சவங்க.)

அதோட முடிஞ்சுதா? இதுவரை தங்கச் சுரங்கத்தில் இருந்த 24 வில்லேஜர்களை வயலுக்கு அனுப்பணும். வயல் ஒண்ணுக்கு 60 மரம். 24 வயலுக்கு 1440. பாரக்ஸ் ஒண்ணுக்கு 175. எட்டு கட்டினா 1400. ஆக, முதல் ஈட்டிக்காரன் வெளியே வர்றதுக்கு முன்னாடியே 2840 மரம் காலி. வயல் போட்டவுடனே உணவு கொட்டாது, அதுக்கும் நேரம் ஆகும். எதிரி யானைகள் கோட்டை வாசலுக்கு வந்தப்புறம் இதையெல்லாம் ஆரம்பிச்சா விளங்கின மாதிரிதான்.

"சந்தையில் வித்துக்கலாமே" என்பீங்க. தொடக்க விலையில் முதல் 100 உணவுக்கு 70 தங்கம் கிடைக்கும். ஒவ்வொரு தடவை விக்கும்போதும் விலை இறங்கிக்கிட்டே போகும். ரெலிக் ஒண்ணு நிமிஷத்துக்கு 30 தங்கம் தரும், அவ்வளவுதான். ஒத்தைக்கு ஒத்தை ஆட்டத்தில் வியாபாரம் பண்ணக் கூட்டாளியும் கிடையாது.

இன்னொரு சிக்கல், 200 நிரம்பியிருந்தா புது ஆளே வரமாட்டான். அதனால பழைய படையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற மாதிரி பாதுகாக்கக் கூடாது. பாரக்ஸ்கள் தயாரானதும் வில்லாளிகளை எதிரியின் கடைசித் தங்கச் சுரங்கத்து மேல ஏவிடுங்க. அவங்க விழ விழ, இங்கே ஈட்டிக்காரர்கள் எழுவார்கள். செத்தாலும் லாபத்தோட சாகணும்.

பெங்காலிகளின் ரதா என்கிற தேருக்கு ஒரு வரம் உண்டு. ஒரு பொத்தானைத் தட்டினா வில் சண்டையிலிருந்து கைச்சண்டைக்கு மாறிடும். பையனுக்கு அதுதான் பழக்கம். படை மாற்றம்னா ஒரு பொத்தான்னு நினைக்கிறான். நமக்கு அது ஒரு பொருளாதாரத்தையே திருப்பிப் போடுற வேலை, ஓடுற ரயிலில் பெட்டி மாத்தற மாதிரி. அவன் யானைகளுக்குக் கூடுதல் அடி 25 சதவீதம் குறைவாத்தான் விழும் என்பதும் உண்மைதான். அதனால ஈட்டிக்காரர்கள் இன்னும் அதிகமா வேணும். அதாவது, இன்னும் சீக்கிரமா ஆரம்பிக்கணும்.

சொந்த ஊரை விட்டு சம்பளத்துக்காக ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்து உக்காந்திருக்கிற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இது வெறும் விளையாட்டு விஷயமில்லை. அடுத்த வேலையைக் கத்துக்கவும் கையில காசு வேணும், நேரம் வேணும். ரெண்டும் சம்பளம் வந்துக்கிட்டிருக்கும்போதுதான் இருக்கும்.

டிஸ்கி: "காக்கு, உங்க ராஜேந்திரன் கங்கை வரைக்கும் வந்து தண்ணியை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாராமே?" என்று பையன் நக்கலடிக்கிறான். தம்பி, எப்போ திரும்பணும்னு தெரிஞ்சிருக்கிறதும் படை நடத்துறதுல சேர்த்திதான்.