கவிஞரிடம் என்ன கேட்பது?

"மாமி, இது கவிதையா? வசனத்தை ஒடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்களே!" என்று ஒரு புத்தகத்தை என் முன்னால் போட்டாள் அடுத்த வீட்டுப் பெண். புத்தகக் கண்காட்சியில் அட்டை அழகாயிருக்கிறதே என்று வாங்கி வந்துவிட்டாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இது அறுபது வருஷத்துக்கும் மேலான புகார். 1959-ல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, ந. பிச்சமூர்த்தி முதலானோரின் புதுக்கவிதைகளை வெளியிட்டபோதே, "எதுகை எங்கே, மோனை எங்கே?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். செல்லப்பா அசரவில்லை. 1962-ல் 24 கவிஞர்களின் கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' என்று புத்தகமாகவே போட்டுவிட்டார். நானும் ஒரு காலத்தில் அந்தப் பெரியவர்கள் கட்சிதான்!

என் மனத்தை மாற்றியது கவிஞர் சல்மாவின் கதை. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் 1968-ல் பிறந்தவர். பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதற்கும் தடை. வீடு உறங்கிய பிறகு, குளியலறையில் ஒளிந்து எழுதினார். பெற்ற தாயின் உதவியால் அவை ரகசியமாக வெளியே போயின. 'சல்மா' என்பதே புனைபெயர்தான். முதல் தொகுதி 2000-ல் வந்தது. மறு வருஷமே அவர் பேரூராட்சித் தலைவியானார்!

இதை அறிந்த பின் அவர் கவிதைகளை மறுபடி எடுத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு பேசுகிறவள் நீட்டி முழக்குவாளா? வரிகள் குட்டையாக இருப்பதில் அப்புறம் எனக்குக் குறை தெரியவில்லை.

பிறகு ஒரு சமயம் கண்காட்சியில் ஓர் இளம் பெண் கவிஞரைக் கண்டேன். "இந்தக் கவிதைக்கு என்ன அர்த்தம்?" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. சட்டென்று பேச்சை மாற்றி, "எப்பொழுது எழுதுவீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

முகம் மலர்ந்தது. "குழந்தை தூங்கினால்தான் எழுத்து. பாதிக் கவிதை பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது!" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புதிதாகக் குடித்தனம் வந்த காலத்தில் நானும் அப்படி ஒரு நோட்டில் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். யாராவது பார்த்துச் சிரிப்பார்களே என்று நானே கிழித்து அடுப்பில் போட்டேன். அந்த நாலு வரி இன்று நினைவில்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி, "ஒரே மூச்சில் புரட்டாதே. நாளுக்கு ஒரு கவிதை, வாய்விட்டு இரண்டு தரம் படி" என்று அனுப்பினேன்.

நாலாம் நாள் வந்தாள். "மாமி, இதில் ஒன்று என் அம்மாவைப் பற்றியே எழுதினாற்போல் இருக்கிறது" என்றாள். மேலே பேசவில்லை.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என்றாவது நாலு வரி கண்ணில் பட்டால், அது மகள் எழுதியதோ, மருமகள் எழுதியதோ, தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.