கம்ப்யூட்டர் முனகினால் கவலைப்பட வேண்டுமா?

காலையில் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போடுகிறோம். பெட்டிக்குள்ளிருந்து 'டக், டக்' என்று ஒரு சத்தம் வருகிறது. பக்கத்து மேஜைக்காரர், "பழைய பெட்டி சார், அப்படித்தான் கத்தும்" என்கிறார். மாலையில் எஸ்.பி. ரோடு கடையில் விசாரித்தால், "உடனே ஹார்டு டிஸ்கை மாற்றி விடுங்கள்" என்கிறார் கடைக்காரர். யார் பேச்சை நம்புவது?

பெங்களூரில் குமாஸ்தா வேலை பார்ப்பவர், டைப் அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர், வீட்டில் பிள்ளைகளுக்காக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர் என்று நம்மவர் பலருக்கும் இந்தச் சந்தேகம் வருகிறது. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்து கொள்வது நம் பொறுப்பு.

உள்ளே ஓடுவது என்ன?

ஹார்டு டிஸ்க் என்பது ஓடுகிற யந்திரம். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்கை வெளியிட்டபோது அது பெரிய பீரோ அளவில் இருந்தது. 24 அங்குலத் தட்டுகள் 50 அதற்குள் சுழன்றன. அவ்வளவு பெரிய உருப்படியில் பிடித்தது 50 லட்சம் எழுத்துக்கள்தான். இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டியில் அதைப் போல் பல லட்சம் மடங்கு பிடிக்கிறது. ஆனால் அடிப்படை மாறவில்லை. தட்டு சுழல வேண்டும். படிக்கும் முனை அதன் மேல் அங்குமிங்கும் போய் வர வேண்டும்.

தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றுகிறது. 7,200 என்றால் ஒரு வினாடிக்கு 120 சுற்று. படிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. நாம் எழுதும் ஒரு தாளின் தடிமன் ஏறத்தாழ ஒரு லட்சம் நானோமீட்டர் என்று நினைத்துப் பார்த்தால், எவ்வளவு நெருக்கத்தில் அந்த முனை பறக்கிறது என்பது புரியும். இப்படி ஓடும் யந்திரம் சத்தம் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எந்தச் சத்தம் நல்லது?

ஒரே சீராக வரும் 'உம்ம்' என்ற ரீங்காரம் தட்டு சுழலும் சத்தம். பெரிய பைலைத் திறக்கும்போது வரும் 'கரகர' சத்தம் முனை இடம் மாறுவது. வேலையில்லாத நேரத்தில் எப்போதாவது வரும் ஒரு 'டிக்', முனை தன் இடத்தில் போய் ஒதுங்குவது. சில புதிய பெரிய டிஸ்குகள் சும்மா இருக்கும்போதும் சில வினாடிக்கு ஒரு தரம் லேசாக முனகும். அவற்றின் அமைப்பே அப்படி. இவை எதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

பல சமயம் குற்றவாளி டிஸ்கே அல்ல. தூசி அடைத்த விசிறி கத்தும். தளர்ந்த ஸ்குரூவினால் தகர டப்பா அதிரும். இதைப் பார்க்காமல் டிஸ்கை மாற்றினால் பணம் போகும், சத்தம் போகாது.

எந்தச் சத்தம் கெட்டது?

ஒரே தாளத்தில் 'டக், டக், டக்' என்று திரும்பத் திரும்ப அடித்து, கம்ப்யூட்டரும் அப்படியே நின்று போனால் அது ஆபத்து. முனை தான் தேடும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல், ஓரத்தில் போய் முட்டி, மறுபடி முயற்சி செய்து கொண்டிருக்கிறது. இரும்பைச் சுரண்டுவது போன்ற சத்தம் அதைவிடக் கெட்டது. முனை தட்டைத் தொட்டுவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கணக்கு வழக்குகள் தூளாகின்றன. தட்டு சுழலாமல் 'கீ' என்று மட்டும் சத்தம் வந்தால், முனை ஒட்டிக் கொண்டிருக்கலாம். வெளியில் சொருகும் டிஸ்காக இருந்தால் மின்சாரம் போதாமலும் இருக்கலாம். வேறு கேபிளில் ஒருமுறை பார்க்கலாம்.

மற்றபடி, இந்தச் சத்தங்கள் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: நிறுத்துங்கள். "இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்ற ஆசைதான் மிச்சமிருப்பதையும் அழிக்கிறது. தட்டிப் பார்ப்பது, பிரிட்ஜில் வைப்பது, மூடியைக் கழற்றி ஊதுவது எல்லாம் வேண்டாத வைத்தியம். உள்ளே ஒரு தூசி போனாலும் அது பாறாங்கல் போன்றது.

இந்தக் காது நமக்குப் புதிதல்ல. பின்னி மில்லில் தறி ஓட்டியவர்களையும் பெங்களூர்த் தொழிற்சாலைகளில் லேத் பிடித்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். யந்திரம் எவ்வளவு இரைந்தாலும் அசையமாட்டார்கள். சத்தம் மாறினால் உடனே திரும்பிப் பார்ப்பார்கள். 2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் பாறை வெடிப்புகள் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் விளக்கை அணைத்தன. அங்கே பூமியின் அதிர்வைக் கேட்டுப் பதிவு செய்யக் கருவிகளே வைத்திருந்தார்கள். சத்தத்தைவிட, சத்தத்தில் வரும் மாற்றமே எச்சரிக்கை. ஹார்டு டிஸ்குக்கும் இதே விதிதான். ஐந்து வருஷமாகக் கரகரக்கும் டிஸ்கைவிட, நேற்று வரை அமைதியாக இருந்து இன்று தட்டுகிற டிஸ்குக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

சத்தமில்லாவிட்டால் சுகமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "என் பெட்டியில் சத்தமே இல்லை" என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

கூகிள் நிறுவனத்தார் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும். அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அதில் பிழை தெரிந்தால் அலட்சியம் கூடாது. முதல் படிப்புப் பிழை தெரிந்த டிஸ்குகள், அடுத்த 60 நாளில் கெட்டுப் போகும் வாய்ப்பு மற்றவற்றைப் போல் 39 மடங்கு இருந்தது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றும் சொன்னது. கெட்டுப் போன டிஸ்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, சூட்டைத் தவிர அந்தக் குறிப்புகள் எதிலும் ஓர் எச்சரிக்கையும் காட்டாமலே போய்விட்டன.

இப்போது புதிய லாப்டாப்புகளில் வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டே கிடையாது. சத்தமும் கிடையாது. ஆகவே அது சாகும்போதும் சத்தம் போடாது. முனகுகிற நோயாளியைக் கவனிக்க ஆள் வருவார்கள். முனகாதவனை யார் கவனிப்பார்கள்?

ஆகவே "சத்தம் வருகிறதே, கவலைப்பட வேண்டுமா?" என்பதற்கு முன்னால், "இன்னொரு நகல் இருக்கிறதா?" என்று கேட்டுக் கொள்ள வேண்டும். நகல் இருந்தால் எந்தச் சத்தமும் வெறும் செலவுச் செய்திதான். இல்லாவிட்டால், சத்தமே வராத டிஸ்குக்கும் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

நமக்குத்தான் நஷ்டம் அதிகம்

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு இதில் இழப்பு பெரிது. பிள்ளையின் சாதிச் சான்றிதழ், பழைய பத்திரத்தின் நகல், இறந்து போன தாயாரின் ஒரே படம், தங்கையின் கல்யாண வீடியோ எல்லாம் ஒரே டிஸ்கில் கிடக்கின்றன. சில சான்றிதழ்களை இப்போது ஆன்லைனில் எடுத்துக் கொள்ளலாம். மற்றவற்றுக்குத் தர்மபுரிக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறி, தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று, இரண்டு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். தாயாரின் படம் எந்த ஆபீசிலும் கிடைக்காது.

வேலை பார்க்கும் இடத்தின் கதை வேறு. டிஸ்க் போய்விட்டால் முதலாளி முதலில் பார்ப்பது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தைத்தான். "நீ என்ன செய்தாய்?" என்பதுதான் கேள்வி. இரண்டாவது டிஸ்க் வாங்கித் தராதது யார் என்று எவரும் கேட்பதில்லை. இது அநியாயம். சம்பளப் பட்டியலும் பாக்கிக் கணக்கும் ஒரே பெட்டியில் இருக்கும்படி விட்ட நிர்வாகத்துக்குத்தான் முதல் பொறுப்பு. ஆகவே குமாஸ்தா நண்பர்களுக்குச் சொல்கிறேன்: சத்தம் மாறியது தெரிந்த அன்றே, தேதி போட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்து விடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

என்ன செய்யலாம்?

முக்கியமானவற்றை முதலில் நகல் எடுங்கள். ஒரு நகல் வீட்டில், ஒன்று வேறிடத்தில், ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாலும் சரி. மாதம் ஒருநாள், சம்பளம் வாங்கும் நாளையே வைத்துக் கொண்டு, புதியவற்றைச் சேருங்கள். நகலைத் திறந்து பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் ஸ்மார்ட் குறிப்பைப் பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் பழைய டிஸ்க் வாங்கினால், எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் அதில் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் யு.பி.எஸ். வைத்துக் கொள்ளுங்கள். ஓடும்போது பெட்டியை நகர்த்தாதீர்கள். பெரிய ஸ்பீக்கரை அதன் மேல் வைக்காதீர்கள். 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரில் ஒரு பெரிய வங்கி, தீயணைப்புக் கருவியைச் சோதனை செய்தபோது எழுந்த பேரிரைச்சலில் டிஸ்குகள் பழுதாகி, சுமார் 10 மணி நேரம் சேவை இல்லாமல் திண்டாடியது.

முனகுகிற பெட்டியைத் திட்ட வேண்டாம். "என்னை நம்பி இவ்வளவையும் வைத்திருக்கிறாயே" என்று அது முன்கூட்டியே சொல்கிறது. எல்லாப் பெட்டிகளும் அந்த உபகாரத்தைச் செய்வதில்லை. இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, அம்மாவின் படத்தை முதலில் நகல் எடுங்கள்.