புது டிராக்டரில் ஆயில் கசிவா? முதலில் ஹவர் மீட்டரைப் பாருங்கள்

கேள்வி: "14 மாதங்களுக்கு முன் 7.5 லட்சம் ரூபாய்க்குப் புது டிராக்டர் வாங்கினேன். பாதிக்கு மேல் வங்கிக் கடன். சொந்த நிலம் 4 ஏக்கர். மற்ற நாட்களில் அக்கம்பக்கத்து வயல்களுக்கு நானே வாடகைக்கு ஓட்டுகிறேன். ஹவர் மீட்டரில் இப்போது 1,720 மணி நேரம் ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது. ஷோரூமில் காட்டினால், 'புது வண்டியில இதெல்லாம் சகஜம்ணே, ஊத்திக்கிட்டு ஓட்டுங்க, சம்பா முடிஞ்சதும் கொண்டாங்க' என்கிறார்கள். வாரண்டி இன்னும் 10 மாதம் இருப்பதால் பொறுத்துப் போகலாமா?"

- ஒரத்தநாடு வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: பொறுக்கக் கூடாது. வாரண்டி இன்னும் 10 மாதம் இருக்கிறது என்ற கணக்கே தவறாக இருக்கலாம். பல டிராக்டர்களின் வாரண்டி, 'இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை' என்றுதான் எழுதப்பட்டிருக்கும். இந்த வாசகரின் புத்தகத்தில் 2 ஆண்டு அல்லது 2,000 மணி நேரம் என்று இருந்தால், மீதம் இருப்பது 280 மணி நேரம் மட்டுமே. சம்பா உழவில் ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டினால் 28 நாளில் அது தீர்ந்துவிடும். 'சம்பா முடிஞ்சதும் கொண்டாங்க' என்ற பேச்சைக் கேட்டு நடந்தால், வண்டி ஷோரூமுக்குப் போகும்போது வாரண்டி முடிந்திருக்கும். அதனால் இன்றைக்கே வாரண்டிப் புத்தகத்தை எடுத்து, மணி நேரக் கணக்கைப் படித்துவிட வேண்டும்.

எந்த ஆயில், எங்கிருந்து?

ஷோரூமுக்குப் போகும் முன், கசிவது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. ராத்திரி வண்டியை மேடுபள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால் காலையில் தெரிந்துவிடும். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் கொழகொழவென்று இருந்தால் கியர்பாக்ஸ் ஆயில். தண்ணீர்போல் ஓடி, வாடை தூக்கலாக அடித்தால் டீசல். பச்சை நிறமாகத் தண்ணீர்போல் இருந்தால் ரேடியேட்டரின் கூலண்ட்டாக இருக்கலாம்.

சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்காது. மேலே கசிந்த ஆயில் உடம்போடு வழிந்து, கீழே தாழ்வான இடத்தில்தான் சொட்டும். ஆகவே, அந்தப் பகுதியை நன்றாகத் துடைத்து உலரவிட்டு, கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தெரியும் இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் பெரும்பாலும் மூலம். மேல் மூடியின் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர், வடிகால் போல்ட் ஆகியவற்றில் இருந்தால் வேலை சுலபம்.

இந்த வாசகர் சொல்லும் இடம் வேறு. அங்கே உள்ளே இருப்பது கிளட்ச். இன்ஜின் பக்கம் கிராங்க் ஷாஃப்ட்டின் பின் ஆயில் சீலோ, கியர்பாக்ஸ் பக்கம் இன்புட் ஷாஃப்ட்டின் சீலோ பழுதானால், ஆயில் கிளட்ச் கூட்டுக்குள் இறங்கி, அடியில் உள்ள சிறு துளை வழியாக வெளியே சொட்டும். கறுப்பு ஆயில் என்றால் முதலாவது, தேன் நிறம் என்றால் இரண்டாவது என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தத் துளையைச் சேறு அடைத்துக்கொண்டால் சொட்டுவது நின்றுவிடும். கசிவு நின்றதாக அதற்கு அர்த்தமில்லை, ஆயில் உள்ளேயே தேங்குகிறது என்று அர்த்தம். சேற்றுழவு முடிந்த ஒவ்வொரு நாளும் அந்தத் துளையைப் பார்த்துச் சுத்தம் செய்வது அவசியம்.

ஏன் தள்ளிப் போடக் கூடாது?

சீல் சின்னப் பொருள்தான். ஆனால், அதை மாற்ற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். வேலையும் கூலியும் அதிகம் என்பதால்தான் தள்ளிப்போடப் பார்க்கிறார்கள். உழவு நேரத்தில் வண்டி நின்றால் வருமானம் போகும் என்பதால் விவசாயியும் அதற்குச் சம்மதித்துவிடுகிறார்.

உலர் கிளட்ச் உள்ள வண்டியில், தட்டில் ஆயில் பட்டால் அது வழுக்கத் தொடங்கும். இன்ஜின் உறுமும், ஆனால் வண்டி இழுக்காது. கருகல் வாடை வரும். கடைசியில் கிளட்ச் தட்டையே மாற்ற வேண்டியிருக்கும். அது 'தேய்மானப் பொருள்' என்று பல வாரண்டிகளில் விலக்கப்பட்டிருக்கிறது. சீலை மட்டும் மாற்றியிருக்க வேண்டிய வேலை, விவசாயி கைப்பணம் போட்டுச் செய்யும் பெரிய வேலையாக மாறும்.

நம் பக்கம் சரியாக இருக்கிறதா?

வாரண்டியை மறுக்கக் காரணம் தேடுபவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் விவரத்தைத்தான். பல டிராக்டர்களில் முதல் சர்வீஸ் 50 மணி நேரத்திலேயே வரும். அதிலிருந்து எல்லா சர்வீஸும் குறித்த நேரத்தில் நடந்து, புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

ஆயில் அளவை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் கம்பியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பதே சரி. 'கசிகிறதே' என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் கசிவு கூடும். காற்றுப்போக்கியான பிரீதர் அடைத்திருந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் வெளியேறும். குறை ஊற்றும் ஆயில் புத்தகத்தில் சொன்ன தரத்தில் இருக்க வேண்டும். அதற்கான பில்லையும் பத்திரப்படுத்த வேண்டும்.

உள்ளூர் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிப்பதும், பசை பூசி அடைப்பதும் கூடாது. 'வெளியாள் கை வைத்த வண்டி' என்று சொல்லிவிட அது வழி செய்துவிடும்.

வாய்ப்பேச்சு போதாது, ஜாப் கார்டு வேண்டும்

இந்த வாசகர் ஷோரூமில் காட்டியிருக்கிறார். ஆனால், காட்டியதற்கு ஏதாவது தாள் இருக்கிறதா? வாரண்டிக் காலத்துக்குள் புகார் செய்ததற்கு ஆதாரம் ஜாப் கார்டுதான். அதில் தேதி, ஹவர் மீட்டர் அளவு, 'கிளட்ச் கூட்டின் அடியில் ஆயில் கசிவு' என்ற புகார், இவ்வளவும் எழுதியிருக்க வேண்டும். 'ஜெனரல் செக்கப்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. நகல் வாங்காமல் திரும்பக் கூடாது.

கசிவை அளந்து காட்டினால் மறுக்க முடியாது. தினமும் காலையில் ஆயில் அளவு, ஹவர் மீட்டர், ஊற்றிய ஆயில் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். லேசான ஈரக்கசிவு வேறு, தினமும் அளவு குறையும் கசிவு வேறு. சொட்டும் இடத்தையும் ஹவர் மீட்டரையும் செல்போனில் படம் எடுத்து வைப்பதும் உதவும்.

சீலும் ரப்பர் பாகங்களும் சில வாரண்டிகளில் சேராது. அதையும் புத்தகத்தில் பார்த்துவிட வேண்டும். அப்படி இருந்தால், சீலுக்கு மட்டும் காசு கொடுத்து, கூலியையும் கிளட்ச் சேதத்தையும் வாரண்டியில் ஏற்கச் சொல்லிக் கேட்கலாம். பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

உழவு நேரத்தில் என்ன செய்வது? புகார் பதிவாகி, கசிவு சொட்டுச் சொட்டாக மட்டும் இருந்து, கிளட்சும் வழுக்கவில்லை என்றால், தினமும் அளவு பார்த்துக்கொண்டு, பழுதுபார்க்கக் குறித்துக் கொடுத்த நாள் வரை ஓட்டலாம். அந்த நாள் வாரண்டி மணி நேரம் முடிவதற்கு முன் இருக்க வேண்டும். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தாலோ, கிளட்ச் வழுக்கினாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

மறுத்தால் எங்கே போவது?

முதலில் டீலருக்கும், உற்பத்தி செய்த நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் புகார் அனுப்ப வேண்டும். ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பினால் ஆதாரம் கையில் இருக்கும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, விவசாயி தான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

'வாடகைக்கு ஓட்டுகிறவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பிழைப்புக்காகத் தானே உழைத்து ஓட்டுபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. ஆள் வைத்துப் பல வண்டி ஓட்டும் தொழிலுக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

புது வண்டியே வேண்டும் என்று கேட்பதற்கு முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது என்றால், முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே, இலவசப் பழுதுபார்ப்பும், நின்ற நாட்களுக்கு நஷ்டஈடும் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது. வண்டி பழுது என்பதற்காக வங்கித் தவணையை மட்டும் நிறுத்தக் கூடாது. கடன் வேறு, வாரண்டி வேறு. தவணை தவறினால் வட்டியும் ஜப்தியும்தான் மிஞ்சும்.

பழுது பார்த்த பிறகு, கழற்றிய பழைய சீலைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். என்ன மாற்றினார்கள் என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு, மறுபடி அட்டையை வைத்துப் பார்க்கலாம். திரும்பவும் சொட்டினால் இரண்டாவது ஜாப் கார்டு போட வேண்டும். ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இந்த வாசகர் இந்த வாரமே வண்டியை ஓட்டிப் போய், முதல் ஜாப் கார்டை வாங்கிவிடட்டும். 280 மணி நேரம் சீக்கிரம் ஓடிவிடும்.