286 குதிரைகளும் தொப்பூர் இறக்கமும்

புது வண்டி எடுத்தவரிடம் "வண்டி எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் ஒரு எண் கட்டாயம் வரும். எத்தனை குதிரைத்திறன், எத்தனை டார்க், பூஜ்யத்திலிருந்து நூறுக்கு எத்தனை நொடி. அதே ஆளிடம் "நூறில் போகும்போது பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?" என்று கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். விளம்பரத்தில் அது இல்லையே, அவர்தான் என்ன செய்வார், பாவம்.

அண்மையில் வந்த வேகமான எஸ்யூவிகளில் நம் ஊர்ச் சம்பந்தம் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். மஹிந்திரா பிஇ 6. செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவான மின்சார வண்டி. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் வைத்துத்தான் அறிமுகம் செய்தார்கள். முதலில் வைத்த பெயர் பிஇ 6இ. இண்டிகோ விமானக் கம்பெனி "6இ எங்களுடையது" என்று நீதிமன்றம் போக, வால் எழுத்தைக் கழற்றிவிட்டார்கள். (வண்டிக்குள் உட்கார்ந்தால் போர் விமானம் மாதிரி இருக்கிறது என்று சொல்லப்போய் நிஜ விமானக்காரர்களிடமே மாட்டிக்கொண்டது தனிக்கதை.) 79 யூனிட் பேட்டரி உள்ள பெரிய மாடலில் 286 பிஎஸ் திறன், 380 நியூட்டன் மீட்டர் டார்க். நூறைத் தொட 6.7 நொடி. பத்துப் பதினைந்து வருடம் முன்பு இந்த எண்ணுக்கு ஜெர்மன்காரனிடம்தான் போக வேண்டும், அதுவும் அரைக் கோடியோடு. இதன் உச்ச மாடல் அறிமுக விலை 26.9 லட்சம். மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடுதான் என்பதும் இந்த விலைக்கு ஒரு காரணம். சும்மா சொல்லக்கூடாது, கொடுக்கிற காசுக்கு நிறையவே தருகிறார்கள்.

2025 பிப்ரவரி 14 அன்று முன்பதிவு திறந்தபோது முதல் நாளிலேயே இதற்கும் கூடப்பிறந்த எக்ஸ்இவி 9இ-க்கும் சேர்த்து 30,179 பதிவுகள். மதிப்பு 8,472 கோடி ரூபாய் என்று கம்பெனியே அறிவித்தது. அந்த முப்பதாயிரம் பேரில் எத்தனை பேர் வண்டியை ஒரு இறக்கத்தில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள்? ஷோரூமிலிருந்து சிக்னல் வரை, சிக்னலிலிருந்து ஷோரூம் வரை. பக்கத்தில் ஒரு தம்பி உட்கார்ந்து "ஒரு கிக் கொடுத்துப் பாருங்க சார்" என்பார். கிக் கொடுத்தால் முதுகு சீட்டில் ஒட்டும். அவ்வளவுதான், டெஸ்ட் டிரைவ் முடிந்தது.

தர்மபுரி மாவட்டம் நல்லம்பள்ளியில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். ஆடு அங்கே பிரசித்தம். சில ஆயிரம் ரூபாய் ஆட்டுக்கு அங்கே நடக்கும் பரிசோதனையைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள், முதுகெலும்பை விரலால் அழுத்துவார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள், நடக்கவிட்டுக் கால் பார்ப்பார்கள். "வேணாங்கண்ணா, இன்னொன்னு காட்டுங்க" என்று நகர்ந்துவிடுவார்கள். 27 லட்சத்துக்கு இந்தச் சோதனையில் பாதிகூடக் கிடையாது. செல்போனில் ஒரு தட்டு, முன்பணம் போய்ச் சேர்ந்தது.

ஆகவே வண்டியோடு நிஜப் பழக்கம் என்பது டெலிவரிக்குப் பிறகு போகும் முதல் நெடும்பயணத்தில்தான் ஏற்படுகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் சேலத்துக்காரருக்கு அந்தப் பயணம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தர்மபுரி. முன்பு என்.எச். 7, இப்போது என்.எச். 44. அகலமான சாலை. வண்டி சத்தமே போடாது, அதனால் நூறு என்பது அறுபது மாதிரி இருக்கும். டீசல் வண்டியில் இரைச்சலே ஒரு எச்சரிக்கை மணி. இதில் திரையைப் பார்த்தால்தான் வேகம் தெரியும். முன்னால் போகிற வண்டியை முந்த நினைத்து முடிப்பதற்குள் முந்தியாயிற்று. இரண்டு மணி நேரம் இப்படியே ஓட்டியவருக்கு "இந்த வண்டி எனக்கு அத்துப்படி" என்ற நினைப்பு வந்துவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் நல்லம்பள்ளி வரும், அதைத் தாண்டித் தொப்பூர் கணவாய் வரும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் முழுக்க இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்கள் விபத்துச் செய்தி படிப்பவர்களுக்கு மனப்பாடம். 2020 டிசம்பர் 12 அன்று நெரிசலில் நின்றுகொண்டிருந்த வண்டிகள் மீது ஒரு லாரி வந்து ஏறியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளுக்கு நடுவே கார்கள் சிக்கி, ஒரு லாரி பாலத்திலிருந்து விழுந்து, தீப்பிடித்து, மறுபடியும் 4 பேர். இரண்டாவது விபத்தின் கேமரா பதிவைப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் மாட்டிய கார்களுக்கு எத்தனை குதிரைத்திறன் என்று யாராவது கேட்டார்களா?

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். 40 டன் லாரி ஒன்று 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளிப்படுகிறது. அதை எங்காவது செலவழித்தாக வேண்டும். கியரில் வந்தால் இன்ஜின் இழுத்துப் பிடித்து ஒரு பங்கைத் தின்னும். நியூட்ரலில் வந்தால் அத்தனையும் பிரேக் டிரம்மில் சூடாக இறங்கும். சூடு ஏற ஏற பிரேக் பிடிப்பு குறையும். கடைசியில் மிதிப்பது வெறும் பெடல்.

தெரிந்தும் ஏன் நியூட்ரல்? டீசல் மிச்சம் என்ற பழைய நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், இப்போதைய மின்னணுக் கட்டுப்பாட்டு இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். இன்ஜினையே அணைத்துவிடுகிறவர்கள் கதை இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரஸரும் பவர் ஸ்டியரிங்கும் அதோடு சேர்ந்து படுத்துவிடும். மிச்சம் பிடிக்கச் சொல்லி அழுத்தும் வாடகைக் கணக்கு டிரைவரின் தலையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஸ்டியரிங் பிடித்தவன் மேலே போட்டுவிட்டால் லாரி உரிமையாளருக்கும் சரக்கு அனுப்புகிறவருக்கும் வசதியாகப் போய்விடும்.

மின்சார எஸ்யூவி இந்த இடத்தில்தான் தன் உண்மையான திறமையைக் காட்டுகிறது. காலை எடுத்தால் மோட்டாரே டைனமோவாக மாறி, இறக்கத்தின் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆட்களோடு 2.2 டன் என்று வைத்தால் 100 மீட்டர் இறக்கத்துக்கு 0.6 யூனிட். வழியில் போகிற இழப்பு போக 0.4 யூனிட் தேறலாம். காசாகப் பார்த்தால் ஒரு டீக்குக்கூடக் கட்டாது :-) லாபம் காசில் இல்லை. பிரேக் தட்டு குளிர்ச்சியாகவே இருக்கிறது, அதுதான் லாபம். உண்மையில் அவசரம் வரும் நொடியில் பிரேக் முழு பலத்தோடு காத்திருக்கும். இதை எந்த விளம்பரமாவது சொன்னதா? "6.7 நொடி" என்று அலறுகிறவர்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

ஆனால் இந்த நல்ல குணத்துக்கும் இரண்டு மறுபக்கம் உண்டு. புது ஆள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒன்று, பேட்டரி நிறைந்திருந்தால் திருப்பி அனுப்பிய மின்சாரத்துக்குப் போக இடம் இல்லை. தர்மபுரியில் காபி குடிக்கும் நேரத்தில் நூறு விழுக்காடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர், அரை மணி நேரத்தில் கணவாயின் உச்சியில் நிற்பார். காலை எடுத்தால் வழக்கமாக வண்டி இழுத்துப் பிடிக்குமே, அந்தப் பிடிப்பு பாதியாகக்கூட இருக்காது. பல மின்சார வண்டிகளில் இப்படித்தான். வீட்டுப் பக்கம் எண்பது விழுக்காட்டில் ஓட்டிப் பழகிய கால், இறக்கத்தில் ஏமாந்துபோகும். பாதகம் இல்லை, பெடல் பிரேக் இருக்கிறது. ஆனால் ஏமாறுவதற்கு இரட்டைப் பாலம் நல்ல இடம் இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் குறையும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கு எப்போது எரியும்? ஐநா வாகன விதிப்படி வேகம் குறையும் அளவு நொடிக்கு நொடி 1.3 மீட்டரைத் தாண்டினால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். 0.7-க்குக் கீழே எரியக் கூடாது. இடைப்பட்டதில் கம்பெனியின் இஷ்டம். அதாவது மெதுவாகக் குறைகிற வண்டி, பின்னால் வருகிறவருக்கு ஒரு சேதியும் சொல்லாமலே குறையலாம். தொப்பூரில் பின்னால் வருகிறவர் யார்? பிரேக் சூடாகிக்கொண்டிருக்கும் 40 டன். அங்கே ஒற்றைப் பெடல் ஓட்டத்தின் அழகை ரசிப்பதைவிட, பிரேக் பெடலில் லேசாகக் கால் வைத்து விளக்கை எரியவிடுவதே மேல். பாரத் என்சிஏபி சோதனையில் பிஇ 6 பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 31.97 வாங்கியது நிஜமான சாதனை. ஆனால் அந்த முன்பக்க மோதல் சோதனை 64 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்பின் மீது நடத்துவது. பின்னாலிருந்து சிமெண்டு லாரி வரும் சோதனையை உலகத்தில் யாரும் நடத்துவதில்லை. தானாகப் பிரேக் போடும் கேமராவும் ரேடாரும் முன்னால் இருப்பதற்குத்தான் பிரேக் போடும்.

அப்படியானால் 286 பிஎஸ் வீண் தானா? அப்படிச் சொன்னால் அநியாயம். திரும்பி வரும்போது, சேலத்திலிருந்து ஏற்றத்தில், லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். நாலு பேரையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிய சாதாரண கார் இரண்டாம் கியரில் முக்கும் இடத்தில், இது கேட்ட மாத்திரத்தில் நகர்ந்து பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடும். அந்த நாலைந்து நொடிக்குத் திறன் கண்டிப்பாக உதவுகிறது. மற்றபடி, நூறில் போகும் வண்டிக்கு அறுபதில் போகும் வண்டியைப் போல 2.8 மடங்கு சக்தியை அழித்தால்தான் நிற்க முடியும். இந்தக் கணக்கு பெட்ரோல், டீசல், மின்சாரம் மூன்றுக்கும் ஒன்றுதான். 203 பிஎஸ் ஸ்கார்ப்பியோ-என் வைத்திருப்பவருக்கும் இதே பாடம். ஆட்டோமேட்டிக் என்றாலும் கியரைக் கையால் இறக்கி ஓட்டும் வசதி எதற்கு இருக்கிறது என்பதை இறக்கத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைப்பது நல்லது.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. டெலிவரி நாளில் மாலை போட்டு, கேக் வெட்டி, புகைப்படம் எடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார்களே, அதில் இருபது நிமிடத்தை ஒரு இறக்கத்துக்குக் கொடுக்கலாம். எண்பதில் அவசரப் பிரேக் ஒன்று, பேட்டரி நிறைந்த நிலையில் ஒரு சரிவு, எந்த அளவில் பின்விளக்கு எரிகிறது என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்ப்பது. யூடியூபில் வண்டி விமர்சனம் செய்கிறவர்களுக்கும் இதே கோரிக்கை. பூஜ்யம்-நூறு வீடியோ ஆயிரம் வந்தாயிற்று, தொப்பூர் இறக்கத்தை முழுதாக ஓட்டி, காலை எடுத்தால் என்ன ஆகிறது என்று காட்டுங்கள்.

அதுவரை, இந்த வாரக் கடைசியில் புது வண்டியோடு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பாளையம் சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாக் சத்தம் கேட்டதும் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: ரேஸ் மோடை விட்டு வெளியே வாருங்கள், பேட்டரி எத்தனை விழுக்காடு என்று ஒருமுறை பாருங்கள், கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைத் தேடுங்கள். அது நெருங்கி வந்தால் போட்டி போட வேண்டாம், ஓரம் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள்.