இருபதா, எழுபத்தைந்தா?

மின்சார விதிகளைச் சிரிப்பதற்காக யாரும் படிப்பதில்லை. ஆனாலும் 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் ஒரு வரி, முதல் முறை படிப்பவருக்கு விசித்திரமாகத் தோன்றும். சுவிட்ச்போர்டுக்கு முன்னால் குறைந்தது 1 மீட்டர் காலி இடம் வேண்டும் என்கிறது அது. பின்பக்கத்தில் மூடப்படாத இணைப்புகள் இருந்தால் அங்குள்ள இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 75 செ.மீ.க்கு அதிகமாக இருக்க வேண்டும். நடுவில் எந்த அளவும் கூடாது.

சற்று யோசித்தால் காரணம் புரியும். 20 செ.மீ. சந்தில் ஆள் நுழைய முடியாது. 75 செ.மீ.க்கு மேல் என்றால் நின்று வேலை பார்க்கலாம், ஆபத்து வந்தால் ஓடலாம். 50 செ.மீ. இருந்தால்தான் வம்பு. ஒல்லியான ஹெல்பர் பையன் ஒருவனை உள்ளே அனுப்பத் தோன்றும். போனவனால் சட்டென்று திரும்ப முடியாது. 2010இலும் 2023இலும் மத்திய மின்சார ஆணையம் புதிய ஒழுங்குமுறைகள் கொண்டுவந்த பிறகும் இந்தக் கணக்கு நீடிக்கிறது.

பெங்களூர் பீன்யா, புனே போசரி, அகமதாபாத் வட்வா போன்ற தொழிற்பேட்டைகளில் கண்ட்ரோல் பேனல் தயாரிக்கும் பட்டறைகள் ஏராளம். தகரப் பெட்டி, உள்ளே செப்புப் பட்டைகள், பிரேக்கர், கான்டாக்டர், ரிலே, கத்தை கத்தையாக வயர். பார்வைக்கு எல்லாப் பேனலும் ஒன்றுபோலத்தான். ஷார்ட் சர்க்யூட் ஆகும்போதுதான் வித்தியாசம் வெளிவரும். மின்வில்லின் வெப்பம் சுமார் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம். சூரியனின் மேற்பரப்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல். செம்பு உருகுவதோடு நிற்காது, ஆவியாகி வெடிக்கும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எதிரே நிற்பவரின் முகமும் கையும்தான் முதலில் கருகும்.

அதற்காகத்தான் பரிசோதனை. பெங்களூரில் உள்ள மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் பேனலுக்குள் வேண்டுமென்றே ஆயிரக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சி, பட்டைகளும் தாங்கிகளும் நிலைக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். செலவு அதிகம். அதனால் ஒரு பேனலைச் சோதித்து வாங்கிய சான்றிதழின் ஜெராக்ஸ் பல பேனல்களுடன் பயணம் செய்கிறது. பட்டையின் கனத்தைக் குறைத்தாலும், தாங்கிகளுக்கிடையே தூரத்தைக் கூட்டினாலும், வேறு கம்பெனி பிரேக்கர் பொருத்தினாலும் அந்தக் காகிதத்துக்கு அர்த்தமில்லை.

ஐஎஸ் 8623 என்ற பழைய தர அளவு, முழுதாகச் சோதித்தது, பகுதியாகச் சோதித்தது என்று பேனல்களை இரண்டாகப் பிரித்தது. அதற்குப் பின் வந்த ஐஎஸ்/ஐஇசி 61439 இந்தப் பாகுபாட்டை நீக்கிவிட்டது. வடிவமைப்பு சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். தயாராகும் ஒவ்வொரு பேனலும் தனித்தனியே பரிசோதிக்கப்பட வேண்டும். வடிவமைப்பு வேறொருவருடையது என்றாலும், பேனலைப் பூட்டி முடிப்பவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

பட்டறை ஒழுங்காக இருந்தால் மட்டும் போதாது. தூசியும் தண்ணீர்த் தெறிப்பும் புகாது என்று ஐபி 54 முத்திரையோடு வந்திறங்கும் பேனலில், கேபிள் நுழைக்க அடியில் ஓட்டை போட்டு அதை அடைக்காமல் விடுவது தொழிற்சாலைகளில் சகஜம். தூசிக்குப் போட்ட தடை பல்லிக்கும் எலிக்கும் வழியாகிறது. உலோகப் பெட்டியைத் தனித்தனி இரண்டு இணைப்புகளால் எர்த் செய்ய வேண்டும். ஒன்று துருப்பிடித்து அறுந்தால் இன்னொன்று உயிரைக் காக்கும் என்பதே காரணம். அதை வீண் செலவு என்று சொல்லி ஒற்றைக் கம்பியோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. மின்சாரம் இருக்கும்போது கதவு திறக்காமல் தடுக்கும் இன்டர்லாக்கை, ‘அவசரத்துக்கு’ என்று கழற்றியவர்கள் பிறகு மாட்டுவதில்லை. முன்னால் விட வேண்டிய 1 மீட்டர் இடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்படுகின்றன.

இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக்கொள்வார் என்று இருக்கவும் முடியாது. மாநில அரசு அறிவிக்கும் மின்னழுத்த அளவு வரை, உரிமையாளரே சோதித்துச் சான்றளிக்கலாம் என்று 2010 ஒழுங்குமுறைகளே வழிவிட்டன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது சோதனை நடக்க வேண்டும். ஆனால் கையெழுத்து முதலாளியுடையது.

மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் நாட்டில் வருடத்துக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் என்கின்றன தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப வருடக் கணக்குகள். வீடு, வயல், தெரு எல்லாம் அதில் அடக்கம். தொழிற்சாலைப் பங்கைக் குறைக்க ஆராய்ச்சி தேவையில்லை. கையெழுத்துப் போடுமுன் முதலாளி ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பேனலுக்குப் பின்னால் போய் அளந்து பார்க்கலாம். ஐம்பது வந்தால், அன்றைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.