முருகனுக்குக் கட்டுற காவடி குப்பைமேட்டில் முடியலாமா?

தைப்பூசத்துக்குக் காவடி கட்டுற வேலை பல இடங்களில் தொடங்கியாச்சு. இப்ப சொன்னால்தான் பயன், அதனால சொல்கிறோம். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பாலிஸ்டிரின் அட்டையை வெட்டி, சாயம் அடித்து, ஜிகினா தூவி காவடிக்கும் கோயில் மண்டபத்துக்கும் அலங்காரம் செய்கிற பழக்கத்தை நிறுத்தணும். இதுதான் எங்கள் கோரிக்கை.

"லேசா இருக்கு, மலிவா இருக்கு" என்பார்கள். பத்துமலையில் 272 படி ஏறுகிறவருக்குத் தோளில் பாரம் குறையணும், ஒத்துக்கிறோம். அலுமினியச் சட்டத்தையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அதைக் கழற்றி வைத்து அடுத்த வருஷமும் பயன்படுத்தலாம். மேலே ஒட்டுகிற பாலிஸ்டிரின் மயிலும் கோபுரமும்தான் பிரச்சனை. ஒரே நாள் ஆட்டம், மறுநாள் குப்பை. மழையிலும் வெயிலிலும் சின்னச் சின்ன மணியா உதிர்ந்து சாக்கடைக்குப் போகுது. சாக்கடை எங்கே போகும்? பக்தர்கள் தலை முழுகிவிட்டு விரதம் முடிக்கிற அதே ஆற்றுக்குத்தான். சாயமும் பசையும் ஏறின பாலிஸ்டிரினைப் பழைய சாமான்காரர்கூட வாங்க மாட்டார்.

குப்பையைவிட எங்களுக்குப் பெரிய கவலை, அதைச் செய்கிற பிள்ளைகள். கோயில் பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, சூடான கம்பியால் பாலிஸ்டிரினை அறுக்கிறார்கள். அந்தப் புகையில் ஸ்டைரீன் இருக்கு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018இல் வகைப்படுத்தியிருக்கு. அதுக்கு மேல ஸ்பிரே சாயம், தின்னர். முகமூடி கிடையாது, காற்றாடி கிடையாது.

எங்களில் பல பேர் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள். அங்கே தின்னர் துடைத்த துணியைக்கூட சாதாரணக் குப்பையில் போட முடியாது. தனி டிரம், மேலே லேபிள். முகமூடி போடாதவனை வேலைக்குள்ளேயே விட மாட்டோம். முதலாளிக்குச் செய்கிற வேலையில் இவ்வளவு கவனம். சாமிக்குச் செய்கிற வேலையில் பிள்ளைகளோட நுரையீரலுக்கு மதிப்பு இல்லையா?

"அப்போ அழகே வேண்டாமா?" என்று கேட்கிறவர்களுக்கு: அழகு பாலிஸ்டிரினோடு பிறக்கவில்லை. தோட்டத்துக் கோயில்களில் நம் தாத்தா பாட்டிகள் தென்னங்குருத்தில் தோரணம் பின்னினார்கள், வாழைநாரில் பூ தொடுத்தார்கள், மூங்கிலை வளைத்துக் காவடி கட்டினார்கள். மயிலிறகும் பூவும் போதாதா? பிரம்பு இந்த மண்ணிலேயே விளையுது. உருவம் வேணுமா, பழைய தினசரியைக் கஞ்சிப் பசையில் ஊறவைத்து அச்சில் ஒட்டிக் காயவைத்தால் லேசான மயில் தயார். தண்ணீரில் கரைகிற சாயத்தைத் தூரிகையால் அடிக்கலாம்.

கோலத்துக்கும் இதே கதைதான். அரிசி மாவுக் கோலம் எறும்புக்கும் குருவிக்கும் போட்ட சாப்பாடு. ஜிகினா கலந்த கோலம் எதுக்குச் சாப்பாடு? மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு வருது. நாசி கெராபுக்கு நீலம் கொடுக்கிற சங்குப்பூ வேலியோரத்திலேயே பூக்குது. நம் வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நேரம் அதிகமாகும், அது உண்மை. ஆனால் 48 நாள் விரதம் இருக்கத் தெரிந்த நமக்கு, நாலு ராத்திரி உட்கார்ந்து ஓலை பின்ன நேரம் இல்லை என்றால் யார் நம்புவார்?

ஆலய நிர்வாகத்தினரே, காவடி பதிவு செய்யும்போதே "பாலிஸ்டிரின் கூடாது" என்று எழுதிப் போடுங்கள். காவடி கட்டுகிற தம்பிகளே, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். மீந்த சாயத்தைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். காசு கொடுத்துக் காவடி கட்டச் சொல்கிற அண்ணன்மார்களே, அக்காமார்களே, விலையைக் கேட்கும் முன் "எதில் செய்வீங்க?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அவர்கள் மாறுவார்கள்.

காணிக்கை என்றால் சாமிக்குக் கொடுப்பது. அது ஆற்றுக்குப் பாரமாகவும், செய்தவனுக்கு நோயாகவும் போனால் அதற்குப் பேர் காணிக்கை இல்லை.

உங்கள் கோயில் குழுவில் பகிருங்கள். எதிர்க்கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.

வேல் வேல்! வெற்றிவேல்!