தயக்கத்தின் விலை

பாபநாசத்தில், அகத்தியர் அருவிக்கு மேலுள்ள கல்யாண தீர்த்தத்தில், 1925 ஜூன் திங்களில் விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயர் மாண்டார். நீரில் வீழ்ந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்தவர் மீளவில்லை, மகளும் மீளவில்லை. அந்தக் கணத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. ஆனால் அதற்கு முந்தைய திங்கள்களில் அவர் ஆராய்ந்து ஆராய்ந்து தேங்கி நின்ற ஒரு முடிவு உண்டு.

ஐயர் எண்ணாது துணிபவர் அல்லர். இலண்டனில் சட்டம் தேறியும், ஆங்கில அரசுக்கு விசுவாசம் கூற மறுத்து வழக்குரைஞர் பட்டத்தைத் துறந்தார். 1910இல் ஒற்றர்களுக்குத் தப்பி மாறுவேடத்தில் புதுவை சேர்ந்தார். அங்கே அவரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றதாகக் கூறப்படும் வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தாமும் மாய்ந்தார். ஒற்றர்கள் சூழ்ந்த அவ்வாண்டுகளில்தான் ஐயர் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பின்னர்க் காந்தியடிகளின் அறவழிக்கு வந்தார். படைக்கலத்தை நம்பியவர் அதனைத் தாமே கீழே வைப்பது அரிது. அவர் சிந்தனையின் நேர்மைக்கு அதுவே சான்று.

அத்தகையவர் தாம் நடத்திய சேரன்மாதேவிக் குருகுலத்தில் தயங்கினார். காங்கிரசு 5,000 ரூபாய் வழங்கிய அந்நிலையத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி நடந்தது. காங்கிரசுத் தலைவர்களான வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் கண்டித்தனர். ஐயரோ அச்சிறுவரின் பெற்றோருக்குத் தந்த வாக்கைப் பெரிதென மதித்தார். வாக்குத் தவறாமை உயர்ந்ததே. ஆயினும் அந்த வாக்கின் சுமையைத் தாங்கியவர்கள் அதைத் தந்தவரும் அல்லர், பெற்றவரும் அல்லர். விலக்கி அமர்த்தப்பட்ட ஏனைய பிள்ளைகள். அவர்களை எவரும் கேட்கவில்லை. ஐயர்பால் நாம் கொண்ட மதிப்பு குன்றாமலே சொல்கிறோம்: அங்கே அவர் பிழைபட்டார். 1925இல் அவர் பொறுப்பிலிருந்து விலகியபோது காலம் கடந்திருந்தது.

நூறாண்டு சென்றும் பொருநை எனும் தாமிரபரணிக் கரைப் பள்ளிகளில் சாதி வண்ணக் கயிறுகள் பிள்ளைகளின் மணிக்கட்டில் ஏறுகின்றன. 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சாதிப் பகையால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, அக்கயிறுகளைத் தடைசெய்யவேண்டும் என்பது உள்ளிட்ட பரிந்துரைகளை 2024இல் அரசிடம் அளித்தது. ஆராயவேண்டியதெல்லாம் ஆராயப்பட்டுவிட்டது. அப்பரிந்துரைகளை அரசு முழுமையாக நிறைவேற்றவேண்டும். அதுவரை காத்திராமல், ஒவ்வொரு தலைமையாசிரியரும் தம் பள்ளி வாயிலில் அக்கயிறுகளை அவிழ்க்கச் செய்யவேண்டும். பெற்றோர் அவருக்குத் துணைநிற்கவேண்டும்.